நான்காம் நாளும் ஐந்தாம் ஆண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் நான்காம் நாளே நடந்து வீடு திரும்பியதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அறுவைக்கு வருபவரின் பட்டினியையும் படுக்கையில் கிடப்பதையும் குறைத்து நலமாகத் தேறவைக்கும், மருத்துவமனைகளில் ஈராஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மேம்பட்ட தேறுதல் திட்டம் பொதுவாசகர்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் பாராட்டு முழுவதும் நாள் கணக்கிலேயே நின்றுவிட்டது. கடைசிப் பத்தியிலோ, இம்முறை நோயாளியின் ஆயுளை நீட்டிக்கிறது என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டதாக ஒரு வரி இருந்தது. முதலாவது இத்திட்டத்தின் பயனைக் குறைத்துச் சொல்கிறது. இரண்டாவது கையில் உள்ள சான்றைவிடக் கூட்டிச் சொல்கிறது. இரண்டையும் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் பணியில் சேர்ந்த காலத்தில், குடல் அறுவைக்கு வரும் நோயாளிக்கு முதல் நாளே பேதி மருந்து கொடுத்துக் குடலைக் காலி செய்வோம். இரவு பத்து மணிக்கு மேல் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. மறுநாள் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தால் அந்தப் பட்டினி பிற்பகல் இரண்டு மணிவரை நீளும். அறுவை முடிந்து வார்டுக்கு வரும்போது மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், வயிற்றில் ஒன்றோ இரண்டோ வடிகுழாய், கையில் சலைன் என்று கட்டிப்போட்டது போலத்தான் வருவார். "காற்று பிரிந்ததா?" என்று ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்போம், பிரியும்வரை, அது நான்கு நாளானாலும் ஐந்து நாளானாலும், வாய்வழி ஒன்றும் கிடையாது. படுக்கையை விட்டு இறங்கினால் தையல் பிரிந்துவிடும் என்று உறவினர்கள் அஞ்சுவார்கள். நாங்களும் அதை மறுத்துச் சொன்னதில்லை. உதடு வெடித்துப்போன ஓர் அம்மா, "பஞ்சில் நனைத்தாவது ஒரு சொட்டு வையுங்க சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சியபோது, "பொறுத்துக்கம்மா, டாக்டர் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் அந்த விதிகளைக் கடைப்பிடித்தோம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் உறுதியான ஆய்வு எதுவும் இருக்கவில்லை என்று பிற்பாடு படித்து அறிந்தபோது உண்டான வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்காக என்று கேட்டவர் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட். கோபன்ஹேகனில் உள்ள விடோவ்ரே மருத்துவமனையில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும், குடல் அறுவைக்குப் பின் நோயாளி படுக்கையிலேயே கிடப்பதற்குக் காரணம் வயிற்றில் போட்ட வெட்டு மட்டுமன்று என்று கருதினார்கள். வலி, அதற்காகக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள், அளவு மீறிய சலைன், பட்டினி, அசைவின்மை ஆகிய எல்லாம் சேர்ந்தே குடலை உறங்கவைத்து உடலை முறிக்கின்றன என்பது அவர்கள் பார்வை. முதுகுத்தண்டருகே செலுத்தும் மருந்தால் வலியைக் கட்டுப்படுத்தி, உடனே உணவு கொடுத்து, எழுப்பி நடக்கவைத்தால் என்ன ஆகும் என்பதை 1995-இல் முதுமையும் பலவீனமும் கொண்ட எட்டுப் பேரிடம் செய்து காட்டினார்கள். 2000-இல் தொடர்ந்து வந்த அறுபது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் தங்கியது நடு மதிப்பாக, அதாவது பாதிப் பேர் அதற்குள் வீடு திரும்பிவிடும் அளவாக, இரண்டே நாள். 2001-இல் எடின்பரோவைச் சேர்ந்த கென் ஃபியரனும் ஸ்வீடனின் ஒல்லே யுங்க்விஸ்டும் மற்றச் சிலரும் சேர்ந்து ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்கள். 2005-இல் அவர்களது ஒருமித்த பரிந்துரை வெளிவந்தது. விரைவுப் பாதை என்ற பழைய பெயரை அவர்கள் வேண்டுமென்றே கைவிட்டார்கள் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் அறிய வேண்டும். வேகத்தைவிடத் தேறுதலின் தரமே நோக்கமாக இருக்க வேண்டும் என்று கருதித்தான் அவர்கள் பெயரை மாற்றினார்கள். நாமோ அந்த வேகத்தையே மீண்டும் தலைப்பில் தூக்கி வைக்கிறோம்.

இத்திட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கூறுகள் உள்ளன. எல்லாவற்றையும் இங்கே விளக்கப் போவதில்லை. சலைனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை ஏற்றியது என் கை. குளுக்கோஸ் பாட்டில் எத்தனை ஏறியது என்பதை வைத்தே வைத்தியத்தின் மதிப்பை அளக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2002-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் திலீப் லோபோவும் அவரது குழுவினரும் குடல் அறுவை செய்துகொண்ட இருபது பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பத்துப் பேருக்கு வழக்கமான அளவில், அதாவது நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாத நீரும் அதற்கேற்ற உப்பும். மற்றப் பத்துப் பேருக்கு இரண்டு லிட்டருக்கு மிகாத நீரும் பாதி உப்பும். வழக்கமான அளவைப் பெற்றவர்களின் உடல் எடை மூன்று கிலோ கூடியது. அவர்களுக்கு இரைப்பை காலியாவது தாமதமானது, காற்று பிரிய ஒரு நாள் கூடுதலாயிற்று, வீடு திரும்ப மூன்று நாள் கூடுதலாயிற்று. கூடிய அந்த எடை சதையன்று. திசுக்களிலும் குடல் சுவரிலும் தேங்கிய உப்புநீர். நாங்கள் காலைதோறும் "காற்று பிரிந்ததா?" என்று கேட்டுக் காத்திருந்த அந்தத் தாமதத்தில் ஒரு பங்கை நாங்களே பாட்டில் பாட்டிலாக ஏற்றியிருக்கிறோம். மறுவருடம் டென்மார்க்கில் 172 பேரிடம் நடந்த ஆய்வில், நீர்மத்தைக் கட்டுப்படுத்திய பிரிவில் சிக்கல்கள் 33 சதவீதமாகவும் வழக்கமான பிரிவில் 51 சதவீதமாகவும் இருந்தன. அதற்காக நோயாளியை வறட்டிப்போடுவதும் தவறு. 2018-இல் மூவாயிரம் பேரை வைத்து வெளிவந்த பெரிய ஆய்வில், மிகவும் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவினரில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது; தாராளமாகக் கொடுக்கப்பட்டவர்களில் அது 5 சதவீதம்தான். கூடுதலும் இல்லாமல் குறைவும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது. அப்படிப் பார்த்துக் கொடுக்க வார்டில் ஆள் வேண்டும்.

குறுகிய காலப் பயனைப் பற்றி ஐயமில்லை. 2014-இல் பதினாறு சீரற்ற ஒப்பீட்டு ஆய்வுகளை, அதாவது நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துச் செய்யும் ஆய்வுகளை, தொகுத்துப் பார்த்ததில், இம்முறையில் சிக்கல்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தன. தங்கல் இரண்டு நாளுக்கு மேல் குறைந்தது. மறுபடி சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் குறைந்தவை பெரும்பாலும் நுரையீரல், இதயம் சார்ந்தவை போன்ற பொதுச் சிக்கல்கள். குடலைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவு போன்ற அறுவைச் சிக்கல்கள் அந்த அளவுக்குக் குறைந்ததாகக் காட்டப்படவில்லை. நல்ல கைக்கு ஈடாக எந்தத் திட்டமும் இல்லை.

இனி, ஆயுளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உலகில் 2022-இல் மட்டும் பத்தொன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஒன்பது லட்சம் பேர் இந்நோயால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அறுவை மேசையில் இறந்தவர்கள் அல்லர். நன்றாக நடந்து வீட்டுக்குப் போய், ஓராண்டோ மூன்றாண்டோ கழித்து நோய் திரும்பி இறந்தவர்களே அவர்களில் மிகப் பலர். ஆகவே நான்காம் நாளில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதைவிட ஐந்தாம் ஆண்டில் எங்கே இருக்கிறார் என்பதே பெரிய கேள்வி.

தங்கள் கட்டுரையின் கடைசி வரிக்கு மூலமாக இருந்திருக்கக்கூடியது ஸ்டாக்ஹோமின் எர்ஸ்டா மருத்துவமனையிலிருந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு என்று எண்ணுகிறேன். 2002 முதல் 2007 வரை அங்கு அறுவை செய்துகொண்ட 911 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, திட்டத்தின் கூறுகளில் 70 சதவீதமோ அதற்கு மேலோ கடைப்பிடிக்கப்பட்ட 273 பேருக்கு, ஐந்து ஆண்டுகளுக்குள் அப்புற்றுநோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 42 சதவீதம் குறைவாக இருந்தது. அளவு மீறி நீர்மம் ஏற்றாமல் இருந்ததும், அறுவை நடந்த அன்றே வாய்வழி உணவு எடுத்துக்கொண்டதும் நீண்ட வாழ்வோடு தொடர்புடையனவாகத் தெரிந்தன. இதைப் படித்த அன்று, பஞ்சுத் துளி கேட்ட அந்த அம்மாவின் முகம் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆனாலும் உணர்ச்சிக்கு இடம் கொடுத்து எண்ணை மிகையாகப் படிக்கக்கூடாது. இது நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வன்று. நடந்து முடிந்தவற்றைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. அறுவை நடந்த அன்று மாலையே கஞ்சி குடிக்க முடிந்தவர் யார்? அதிக இரத்தப் போக்கில்லாமல், வாந்தியில்லாமல், அறுவை இலகுவாக முடிந்தவர். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறவரை இரண்டாம் நாள் நடக்கவைக்க முடியாது. அவர் கடைப்பிடிக்காதவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ஆக, கடைப்பிடித்ததால் தேறினார்களா, தேறக்கூடியவர்களாக இருந்ததால் கடைப்பிடிக்க முடிந்ததா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. காலமும் ஒரு சிக்கல். அதே மருத்துவமனையில் 2002-க்கும் 2004-க்கும் இடையே 43 சதவீதமாக இருந்த கடைப்பிடிப்பு, 2005-க்கும் 2007-க்கும் இடையே 71 சதவீதத்தை எட்டியது. அறுவைக்குப் பிந்தைய கீமோவில், அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தையும் சேர்க்கும் வழக்கம் 2004-இல் வந்த ஆய்வையொட்டிப் பரவிய ஆண்டுகளும் அவையே. ஆயுள் கூடியதில் அதற்கும் பங்கு இருக்கலாம். தெரிந்த வேறுபாடுகளைக் கணக்கீட்டில் சரிசெய்யலாம். பதிவாகாத வேறுபாடுகளைச் சரிசெய்ய வழியில்லை.

காரணம் ஏற்கத்தக்கதாகத் தோன்றுவதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அறுவையின்போது உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் முறையால் மார்பகப் புற்றுநோய் திரும்பி வருவது குறையும் என்று பலரும் பல ஆண்டுகள் நம்பினார்கள். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சீரற்ற முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தபோது, இரண்டு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. குடல் புற்றுநோயில் இப்படியொரு சோதனையை முழுத் திட்டத்துக்கும் நடத்துவது இனிக் கடினம். பாதிப் பேரைத் தாகத்தில் கிடத்திவைக்க எந்த மருத்துவரும் இன்று உடன்படமாட்டார், உடன்படவும் கூடாது.

அப்படியானால் ஆயுளுக்கும் இத்திட்டத்துக்கும் தொடர்பே இல்லையா? தொடர்பு உண்டு என்றுதான் நான் நம்புகிறேன்; அது வரும் வழி எனக்கு வார்டில் தெரிந்த வழி. நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தால் அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை, கீமோ தொடர வேண்டும். அதைக் காலத்தில் தொடங்க உடம்பு தாங்க வேண்டும். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வு, கீமோ தொடங்குவதில் ஒவ்வொரு நான்கு வாரத் தாமதத்துக்கும் இறப்பு அபாயம் 14 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்டு வகைப் பெரிய அறுவைகள் செய்துகொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வோ, முப்பது நாளுக்குள் ஒரு சிக்கல் ஏற்பட்டவர்களின் நடு ஆயுள் 69 சதவீதம் குறைந்ததாகக் கூறியது. அவையும் திரும்பிப் பார்த்த ஆய்வுகளே. ஆயினும் அறுவைக்குப் பிந்தைய ஒரு மாதம் அந்த மாதத்தோடு முடிந்துபோவதில்லை என்பதை மறுக்க முடியாது.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவருக்குக் குடல் அறுவை மிக நேர்த்தியாக நடந்தது. பின்னர் தையலில் சீழ் பிடித்தது. பருப்பும் முட்டையும் சேர்த்தால் சீழ் கூடும் என்று வீட்டார் பத்தியம் வைத்தார்கள். ரசச்சோறு மட்டும் உண்டு இரண்டு மாதத்தில் அவர் எலும்பும் தோலுமானார். கீமோ தொடங்கும்போது நான்காம் மாதம் பிறந்துவிட்டது. இரண்டு முறை வந்தார், பிறகு வரவில்லை. புரதம் இல்லாமல் புண் ஆறாது என்று அந்த வீட்டாரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று தேடிப் போகும் ஏற்பாடும் எங்களிடம் இல்லை.

மேம்பட்ட தேறுதல் திட்டத்தின் உயிர்நாடி இந்தப் பேச்சில் இருக்கிறது. அறுவைக்கு முன்பே நோயாளியையும் வீட்டாரையும் உட்காரவைத்து, என்ன நடக்கும், எப்போது எழ வேண்டும், என்ன உண்ண வேண்டும் என்று சொல்வதுதான் அதன் முதல் கூறு. அறுவைக்கு முன்னரே உடலைத் தயார் செய்வதன் பயனும் இப்போது தெளிவாகி வருகிறது. நான்கு வார உடற்பயிற்சி, உணவு, மன ஆதரவு ஆகியவற்றைக் குடல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து, 251 பேரிடம் நடத்திய சீரற்ற ஆய்வு 2023-இல் வெளியானது. கடுமையான சிக்கல்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 சதவீதமாகக் குறைந்திருந்தன. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பேசத் தெரிந்த செவிலியரும், இயன்முறை மருத்துவரும், உணவு ஆலோசகரும் போதும். அவர்களுக்கு நேரம் வேண்டும். ஐம்பது கட்டிலுக்கு இரவில் இரண்டு செவிலியர் இருக்கும் வார்டில், சுவரில் ஒட்டிய அட்டவணை மட்டுமே திட்டமாக இருக்கும். நோயாளியை எழுப்பி நடக்கவைக்க ஆள் இருக்காது. எர்ஸ்டாவிலேயே தொடக்கத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை மறந்துவிடக்கூடாது. அவர்கள் அளந்து பார்த்தார்கள், குறையைக் கண்டார்கள், கூட்டினார்கள். நம் மருத்துவமனைகளில் இத்திட்டம் இருக்கிறது என்று சொல்பவர்கள், எத்தனை சதவீதம் கடைப்பிடிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு மொத்தமாக இவ்வளவு என்று தொகை கட்டப்படும் காப்பீட்டு முறையில், நோயாளி சீக்கிரம் போவது மருத்துவமனைக்கு ஆதாயம். ஆகவே திட்டத்தின் மற்றக் கூறுகளை விட்டுவிட்டு, சீக்கிரம் அனுப்புவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. நான்காம் நாள் பேருந்தேறி ஊருக்குப் போனவருக்கு ஆறாம் நாள் இரவு காய்ச்சலும் வயிற்று உப்புசமும் வந்தால், அது குடல் இணைப்பில் கசிவாக இருக்கலாம். அந்த நேரத்தில் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும், எடுத்துப் பேச ஒருவரும் இல்லாமல் சீக்கிரம் அனுப்புவது நோயாளியைக் கைவிடுவதாகும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். குடல் அறுவை முடிந்து ஊர் திரும்புகிறவரின் பெயர் அவர்கள் கைக்கு அன்றே போய்ச் சேர ஏற்பாடு செய்தால் எவ்வளவோ நன்மை விளையும்.

ஒவ்வொரு மருத்துவமனையும் மூன்று விவரங்களையாவது எழுதிவைக்க வேண்டும் என்று அரசையும் மருத்துவர் சங்கங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்: அறுவை நடந்த நாள், கீமோ தேவைப்பட்டவருக்கு அது தொடங்கிய நாள், ஐந்தாம் ஆண்டு முடிவில் அவர் நிலை. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் 1980களிலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு நடந்துவருகிறது. பின்தொடர்ந்து எழுதிவைப்பது நமக்குப் புதிய வேலையன்று.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அறுவைக்கு நாள் குறித்ததும், எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். இலேசான உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்துவதும், தண்ணீர், பால் சேர்க்காத தேநீர், சக்கையில்லாத பழச்சாறு போன்ற தெளிந்த பானங்களை இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதிப்பதும் 1999 முதலே அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையில் இருக்கிறது. குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் இரைப்பை மெதுவாகக் காலியாகும் நீரிழிவு நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயுளை நீட்டிப்பதாக நிரூபிக்கப்பட்டுவிட்டது என்ற அந்த வரியை, "திட்டத்தைப் பெரும்பாலும் கடைப்பிடித்தவர்களிடையே ஐந்தாண்டுக்குள் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள், அதற்குக் காரணம் இத்திட்டம்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை" என்று திருத்தி, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.